குறியை எடுங்கள், அல்லது மூலத்தைக் காட்டுங்கள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் நடப்பவர் கண்ணில் படும் பதாகைகளிலும் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரங்களிலும் ரமண மகரிஷியின் படம் இருக்கும். படத்தின் கீழே, இரட்டை மேற்கோள் குறிக்குள், ஒரு வாசகம். எந்த நூலில் உள்ளது, யாரிடம் சொன்னது என்ற குறிப்பு இராது. நடையோ நேற்று வந்த தன்னம்பிக்கைப் புத்தகத்தின் நடை. இப்படி அச்சிடுபவர்களையும், அதை அப்படியே எடுத்துப் போடும் ஆன்மிக இதழ்களையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இரட்டை மேற்கோள் குறி என்பது சத்தியப் பிரமாணம். உள்ளே இருப்பது அவர் வாயிலிருந்து அல்லது எழுதுகோலிலிருந்து வந்த சொல், ஓர் எழுத்தும் மாறவில்லை என்று அச்சிடுபவர் கையெழுத்திடுகிறார். ரமணர் விஷயத்தில் அந்தப் பிரமாணத்தை எளிதில் செய்ய முடியாது. 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேள்வி கேட்டபோது ரமணர் மௌனத்தில் இருந்தார். விடைகளை எழுதிக் காட்டினார். அவை 1923இல் 'நான் யார்?' என அச்சாயின. பின்னர் ரமணரே அதைக் கட்டுரை வடிவில் எழுதினார். ஆகவே கட்டுரையின் வாக்கியத்தை அவர் சொல்லாகவே குறிக்குள் போடலாம். 1935 முதல் 1939 வரையிலான ரமணரின் உரையாடல்களின் கதை வேறு. முனகால வெங்கடராமையா அவற்றை ஆங்கிலத்தில் குறித்துவைத்தார். தமிழில் பேசியவையும் ஆங்கிலமாயின. அங்கிருந்து மறுபடி தமிழுக்கு வருவது கருத்து, சொல் அன்று. அதற்கு 'என்ற பொருள்படக் கூறினார்' என்ற தொடர் போதும், குறி வேண்டாம். முருகனாரின் 'குருவாசகக் கோவை'யைப் பாருங்கள்: குருவின் உபதேசத்தைச் சீடர் தம் வெண்பாவில் தருகிறார், ரமணர் இயற்றியவை மட்டும் தனியே அடையாளம் காட்டப்பட்டிருக்கின்றன. பக்தி அவருக்கு இல்லையா?

'மேற்கோள் குறி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, நமக்கெதற்கு?' என்பார் சிலர். ஏட்டுச்சுவடியில் அது இல்லைதான், அச்சோடு வந்தது. ஆனால் பிறர் கூற்றைப் பிரித்துக் காட்டும் நாணயம் பழையது. தொல்காப்பியர் 'என்ப', 'என்மனார்' என்று முன்னோரைக் காட்டிவிட்டுத்தான் மேலே போகிறார்.

செய்தியாளர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. அமைச்சர், "தான் நாளை வருவதாக" கூறினார் என்று எழுதுகிறார்கள். இது நேர்கூற்றா, அயற்கூற்றா? குறி இருந்தால், அமைச்சர், "நான் நாளை வருவேன்" என்றார் என்று எழுதுங்கள். குறி வேண்டாமென்றால், தாம் நாளை வருவதாக அமைச்சர் கூறினார் என்று எழுதுங்கள். நானும் தானும் குழம்புவதற்கு, 'நான் யார்?' பிறந்த திருவண்ணாமலையைவிடப் பொருந்தாத ஊர் கிடையாது. இங்கே 'நான்' என்று ஒற்றைக் குறிக்குள் எழுதினால் அந்தச் சொல், அந்த எண்ணம். குறியில்லாமல் எழுதினால் எழுதுகிறவர். குறி போனால் உபதேசமே போயிற்று. முழு வாக்கியம் மேற்கோளானால் அதன் முற்றுப்புள்ளியும் வினாக்குறியும் உள்ளேயே இருக்கட்டும். மேற்கோளுக்குள் இன்னொரு மேற்கோள் வந்தால் அதற்கு ஒற்றைக் குறி. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

உணவகக்காரர்களுக்கு ஒரு வரி: "சுத்தமான" சைவ உணவு என்று குறிபோட்டுப் பலகை வைத்தால், படித்தவர் சந்தேகப்பட்டு அடுத்த கடைக்குப் போவார். அழுத்தம் வேண்டுமென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

கார்த்திகை தீபத்துக்கு அச்சகங்களில் வேலை குவியும். மூலம் தெரியாத வாசகத்துக்குக் குறி போட மாட்டோம் என்று அச்சகத்தார் மறுக்க வேண்டும். பதாகை வைப்போர் ஒவ்வொரு வாசகத்தின் கீழும் நூற்பெயரை அச்சிட வேண்டும். தெரியாதபோது ரமணர் பெயரை நீக்கிவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். தவறாக வெளியிட்ட இதழ்கள் அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் வெளியிட வேண்டும்.