கேட்டறிந்து விதைப்போம்

இரணைமடுக் குளத்தின்கீழ்ச் சிறுபோகம் செய்யும் கமக்காரர், குளத்தில் நீர் எவ்வளவு உண்டென்று அறியாமல் விதைநெல்லை ஊறவைப்பதில்லை. கூட்டம் கூடி, நீர்மட்டத்தைக் கேட்டு, விதைப்பது எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்த பின்னரே வயலில் இறங்குவர். சென்ற ஆண்டின் நீரை நம்பி இவ்வாண்டு விதைத்தவன் கதி யாதாகும் என்பதை வன்னி மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கணினிக்கு நிரல் எழுதும் மாணவர்க்கும் இதுவே பாடம். வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. நிரலாக்கம் இன்று நம் மண்ணிலேயே பயிலப்படுங் கலையாகிவிட்டது. எனினும், ஒருவர் கணினியில் செவ்வனே ஓடும் நிரல் மற்றொருவர் கணினியில் தடுமாறுவதுண்டு. எல்லாக் கணினிகளும் தன் கணினி போன்றனவே என்று எழுதியவர் கருதிக்கொள்வது அதற்கு ஒரு காரணமாகும்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யுனிக்ஸிலும் அதன் வழியைப் பின்பற்றும் இயங்குதளங்களிலும் நிரல் ஊகிக்க வேண்டியதில்லை, கேட்கலாம். 'யூநேம்' என்று அழைத்தால் இயங்குதளத்தின் பெயர், பதிப்பு, பொறியின் வகை ஆகியவை விடையாக வரும். 'சிஸ்கொன்ஃப்' என்பதைக் கேட்டால் செயலிகளின் எண்ணிக்கை தெரியும். 1991இல் பிறந்த லினக்ஸிலோ 'புரொக்' என்றொரு கோப்புறை உண்டு. அதிலுள்ள கோப்புகள் வட்டில் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. நாம் திறந்து படிக்குங் கணத்திலேயே இயங்குதளத்தின் கருநிரல் விடையை ஆக்கித் தருகின்றது!

ஆயினும் கேட்டால் மட்டும் போதாது. கேட்க வேண்டியதைக் கேட்டல் வேண்டும். அக்கோப்புறையின் 'மெமின்ஃபோ' என்னுங் கோப்பு நினைவகக் கணக்கைக் கூறும். அதில் 'மெம்ஃப்ரீ' என்பது ஒன்றுமே வைக்கப்படாத வெற்றிடம். அது மிகச் சிறிதாகத் தோன்றக் கண்டு, "கணினி பழுதாகிவிட்டது; புதிது வாங்கித் தாருங்கள்" என்று பெற்றோரை வருத்தும் பிள்ளைகளும் உளர். உண்மையில் லினக்ஸ், சும்மா கிடக்கும் இடத்தில் முன்பு படித்த கோப்புகளின் படிகளை வைத்துக்கொள்ளும். தேவை எழுந்தால் அவ்விடத்தை விடுவிக்கும். இவ்வாறு பெறக்கூடிய இடத்தையும் சேர்த்து மதிப்பிட்டுக் கூறுவதற்கென்றே 2014இல் 'மெம்அவெய்லபிள்' என்னும் வரி சேர்க்கப்பட்டது.

வெற்றிடத்தை மட்டும் நம்பும் நிரல், குளம் நிறைந்திருக்கப் பாதி வயலைத் தரிசாக விட்டவனை ஒக்கும். மொத்தக் கொள்ளளவையே நம்பும் நிரலோ, குளத்தின் பரப்பைக் கண்டு விதைத்தவனை ஒக்கும். இடம் முற்றாகத் தீர்ந்தால் கருநிரல் ஏதேனும் ஒரு நிரலை இடைநடுவில் நிறுத்திவிடும். சேமிக்காத உழைப்பு அத்தோடு அழியும்.

ஆதலின் மாணவச் செல்வங்களே, இலக்கத்தை நிரலுள் எழுதி வைக்காதீர். ஓடும்போது கேட்கச் செய்யுங்கள். பெற்றோரே, புதுக் கணினிக்குப் பணம் எண்ணுமுன் அந்த வரியைப் பிள்ளையைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். அதிலும் இடம் இல்லையெனில் வாங்குவது முறை; இருக்குமாயின், அப்பணம் மற்றொரு தேவைக்கு உதவுமன்றோ?