மூன்று மணி நேர ஏழைகள்

மேசைகளுக்கிடையே மாணவரை ஓடவிட்டு வறுமையைக் கற்பித்துவிடலாம் என்று அமெரிக்கத் தாதியர் கல்லூரிகள் பல நம்புகின்றன. மிசூரி மாநிலத்தின் சமூக நல அமைப்பொன்று பரப்பிவரும் பாவனைப் பயிற்சி அது. மாணவர்கள் குடும்பங்களாகப் பிரிக்கப்படுவர். ஒருவர் வேலையிழந்த தந்தை. இன்னொருவர் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி. மண்டபத்தைச் சுற்றி வங்கி, அடைவுகடை, பாடசாலை, நிவாரண அலுவலகம் என்று மேசைகள். பதினைந்து நிமிடம் ஒரு வாரம். ஒரு மணித்தியாலத்தில் மாதம் முடிந்துவிடும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லப் பயணச்சீட்டுக் கொடுக்க வேண்டும். சீட்டில்லாதவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். (இந்தச் சீட்டு விடயத்தை மட்டும் நான் மெச்சுவேன்.) முடிவில் எல்லோரும் கூடியமர்ந்து தாம் உணர்ந்ததைச் சொல்வர்.

எனது ஆட்சேபம் இங்கேதான். ஏழையின் நிலைமை போய், மாணவரின் மனநிலை பேசுபொருளாகிவிடுகிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் வினாக்கொத்து நிரப்புவித்து, மனப்பாங்கு மாறிவிட்டதென ஆய்வுக் கட்டுரைகளும் எழுதுகிறார்கள். கடதாசியில் மாறியது வார்டிலும் மாறியதா? நீரிழிவு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, இன்சுலினை வைக்கக் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா, அடுத்த தவணைக்கு எந்த பஸ்ஸில் வருவீர்கள், அன்றைய கூலி போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்பதல்லவா தாதியின் கல்வி? வர இயலாமற் போனவரைப் பதிவேட்டில் ‘ஒத்துழைக்காதவர்’ என்று எழுதும் வழக்கம் அங்கே நெடுங்காலத்தது. அச்சொல்லை எழுதும் கையைத் தடுக்காத கண்ணீரால் யாருக்கு என்ன பயன்?

இன்னொன்று. இரவில் வேலை, பகலில் வகுப்பு என்று கடனிற் படிக்கும் மாணவியும் அதே மண்டபத்தில் இருக்கிறாள். அவள் வீட்டு நிலைமையை அவள் கண்முன்னே விளையாட்டாக்கிவிட்டு, ‘எப்படி உணர்ந்தாய்?’ என்று கேட்பது என்ன நாகரிகம்?

அதே அமெரிக்காவில், 1893 இல், நியூயோர்க்கின் குடியேறிகள் பகுதியில் பெண்களுக்கு வீட்டுப் பராமரிப்பு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார் லில்லியன் வால்ட். பிரசவித்த தாய் நோயுற்றுக் கிடப்பதாக ஒரு பிள்ளை வந்து அழைக்க, அதன் பின்னால் நடந்தார். தாம் கற்றுவந்த மருத்துவப் படிப்பைக் கைவிட்டு, மேரி புரூஸ்டருடன் அப்பகுதியிலேயே குடியேறினார். பொதுச் சுகாதாரத் தாதி என்ற பெயரே அவர் தந்ததுதான்.

எல்லோரும் வால்ட் ஆக முடியுமா என்பார்கள். நான் அவ்வளவு கேட்கவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில், வீடு திரும்பும் ஒரு நோயாளியுடன், அவர் சம்மதத்தோடு, அதே பஸ்ஸில் அவர் வீட்டுப் படிவரை மாணவரை அனுப்பட்டும்.