அச்சப் புனைவும் திறனாய்வின் தயக்கமும்

தமிழில் பேய்க்கதைகளுக்கும் கொலை, மர்மப் புதினங்களுக்கும் எழுதப்படும் மதிப்புரைகளில் 'விறுவிறுப்பு', 'திருப்பம்' என்னும் இரு சொற்களே பெரும்பாலும் தீர்ப்பாக நின்றுவிடுகின்றன. வாசகர் எவ்விடத்தில் அஞ்சினார், அவ்வச்சம் எதனால் விளைந்தது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. கதைமுடிவை வெளியிடலாகாது என்னும் கட்டுப்பாடு வார இதழ் மதிப்புரையாளருக்கு உண்டு, அது நியாயமானதே. ஆய்வாளருக்கு அக்கட்டுப்பாடு இல்லை. இருந்தும் இவ்வகைப் புனைவை 'வணிக எழுத்து' என்ற ஒரே சொல்லால் கடந்துபோகும் வழக்கம் கல்விப்புலத்தில் நீடிக்கிறது.

இதற்குக் கருவியில்லை என்று கூற இயலாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அதன் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைச் சுட்டுகிறது. அஞ்சியோடும் ஒருவனைக் காண்பவனுக்கும் அதே அச்சம் எய்துமா என்னும் சிக்கலும் உரைமரபில் பேசப்பட்டுள்ளது. அஞ்சுபவனைக் கண்டால் இரக்கமோ நகைப்போ தோன்றலாமே! அச்சப் புனைவின் தொழில்நுட்பம் முழுவதும் இச்சிக்கலில்தான் அடங்கியுள்ளது. கதைமாந்தரின் நடுக்கம் வாசகரின் நடுக்கமாக எவ்வாறு மாறுகிறது என்பதை விளக்காத மதிப்புரை, அப்புனைவின் மையத்தைத் தொடவில்லை எனலாம்.

1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இதற்குத் தக்க சான்று. கதைசொல்லி ஓர் எழுத்தாளர். கற்பனையே தொழிலான அவருடைய சொல்லை நம்புவதா என்னும் ஐயம் தொடக்கத்திலேயே வாசகருக்குள் விதைக்கப்படுகிறது. வீட்டு வாசலுக்கு வந்த பெண்ணை மனைவி பரிவோடு வேலைக்கு அமர்த்துகிறாள்; கணவனுக்கோ உறக்கம் கெடுகிறது. அவர் அறிவால் ஆராய்கிறார், தம்மையே ஐயுறுகிறார், காரணம் கற்பிக்கிறார். அக்காரணம் நிலைக்காதபோது வாசகரின் காலடி நிலமும் நழுவுகிறது. கதைக்குள் அவர் அறிவையன்றி வாசகருக்கு வேறு பற்றுக்கோடு இல்லை. அச்சம் சுடுகாட்டிலோ பாழ்மண்டபத்திலோ நிகழாமல், மனைவி அருகில் உறங்கும் அறையில் நிகழ்வது கருதத்தக்கது.

இக்கதையைக் கதைசொல்லியின் மனப்பிறழ்வு எனச் சுருக்கும் உளவியல் வாசிப்பு எளிது. ஆனால் அது நூலை அடைத்துவிடுகிறது. ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898) குறித்து எட்மண்ட் வில்சன் 1934இல் அத்தகைய விளக்கத்தை முன்வைத்தபோது எழுந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. பேய் உண்டா, இல்லையா எனத் தீர்ப்பளிப்பது திறனாய்வாளர் பணியன்று. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' வார இதழ்த் தொடராக வந்த படைப்பே. அறிவியல் விளக்கத்தையும் அமானுஷ்யத்தையும் மோதவிட்டு இரண்டுக்கும் இடையில் வாசகரை நிறுத்திவைக்கும் அதன் கட்டமைப்பு, வெளியான களத்தைக் காரணம் காட்டி ஒதுக்கத்தக்கதன்று. அக்களத்தில் வந்த எல்லாத் தொடர்களும் இத்தகைய வாசிப்பைத் தாங்கும் என்பது இதன் பொருளன்று, பல தாங்கா.

மற்றொரு குறையும் உண்டு. நான்கு நிலைக்களன்களுள் அணங்கையும் கள்வரையும் மட்டுமே இன்றைய மதிப்புரைகள் அச்சப் புனைவுக்கு உரியனவாகக் கொள்கின்றன. இறை மறக்கப்பட்டுவிட்டது. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' காவல் நிலையக் கொட்டடியில் தாம் பட்டதைக் கொண்டு அவர் எழுதிய புதினம். 'விசாரணை' திரைப்படத்துக்கு மூலமானது. கள்வரிடமிருந்து காக்கவேண்டிய அதிகாரமே குற்றமற்றவரைக் கள்வராக ஒப்புக்கொள்ளச் செய்ய அடிக்கிறது. மூன்றாம் களனும் நான்காம் களனும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன. இதனை ஓர் ஆவணம் எனப் பாராட்டி அமைவது போதாது. அடுத்த அடி எப்போது விழும் என்னும் காத்திருப்பு எவ்வகைச் சொற்களால், எவ்வகை மௌனத்தால் வாசகர் உடலுக்குக் கடத்தப்படுகிறது என்பதையும் 'காஞ்சனை'யின் இரவுகளோடு ஒப்பவைத்து ஆராய்தல் வேண்டும்.