ஜெயித்தால் பிரிட்டிஷ்காரர்! தோற்றால் ஸ்காட்லாந்துக்காரர்!

பந்தயத்தில் ஒருவர் ஜெயித்துவிட்டால், "இவர் நம் ஆள்" என்று ஊரே சொந்தம் கொண்டாடும். தோற்றுவிட்டால்? "அவர் யாரோ!"

பிரிட்டனின் டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே பல ஆண்டுகள் இந்தத் தொல்லையை அனுபவித்தார். (பெயர்தான் ஆண்டி. பரிசுப் பணமாக மட்டும் 6 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர்!)

"ஜெயித்தால் பிரிட்டிஷ்காரர், தோற்றால் ஸ்காட்லாந்துக்காரர்" என்று அவரைப் பற்றி ஒரு கேலிப் பேச்சே அங்கு உண்டு.

நான்கு நாடு, ஒரு கொடி

நாம் பிரிட்டன் முழுவதையும் இங்கிலாந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது சரியல்ல. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கும் ஒரே அரசின் கீழ் இருக்கின்றன. அவற்றில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் பல நூற்றாண்டுகள் சண்டை போட்டவை. 1707-ல்தான் இரண்டுக்கும் ஒரே பார்லிமெண்டு ஏற்பட்டது.

கால்பந்தில் இன்றும் நான்கும் தனித்தனி அணிகள். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் 1872 முதல் மோதி வருகின்றன.

டென்னிசில் அப்படி இல்லை. டேவிஸ் கோப்பையிலும் ஒலிம்பிக்கிலும் பிரிட்டனுக்கு ஒரே அணிதான். கால்பந்து மைதானத்தில் எதிரி, டென்னிஸ் மைதானத்தில் தோழன்! சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

வேடிக்கை வினையாயிற்று

2006-ல் உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி நடக்க இருந்தது. இங்கிலாந்து அதில் ஆடியது. ஸ்காட்லாந்துக்கு இடம் கிடைக்கவில்லை.

பத்திரிகைப் பேட்டி ஒன்றில் இதைச் சொல்லி முர்ரேயைக் கிண்டல் செய்தார்கள். உடன் இருந்தவர் டிம் ஹென்மன். இங்கிலாந்தைச் சேர்ந்த டென்னிஸ் வீரர். "நீ யாரை ஆதரிப்பாய்?" என்ற கேள்விக்கு, "இங்கிலாந்தை எதிர்த்து யார் ஆடினாலும் அவர்களை!" என்று முர்ரே சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அப்போது அவருக்கு வயது 19.

பேச்சு அச்சில் ஏறியது. சிரிப்பு ஏறவில்லை. "இங்கிலாந்தை வெறுப்பவர்" என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அது வேடிக்கை என்று ஹென்மனே சொல்லியும் பயன் இல்லை.

கண்ணீர் செய்த வேலை

2012-ல் லண்டனில் விம்பிள்டன் இறுதி ஆட்டம். சுவிட்சர்லாந்து வீரர் பெடரரிடம் முர்ரே தோற்றார். ஒலிபெருக்கி முன்னால் நின்றவருக்குப் பேச்சு வரவில்லை. அழுதுவிட்டார். வெற்றி செய்யாததை அந்த அழுகை செய்தது. இங்கிலாந்து ரசிகர்களின் மனம் இளகியது.

நாலே வாரத்தில், அதே மைதானத்தில், அதே பெடரரைத் தோற்கடித்து ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்றார்.

2013 ஜூலை 7-ந் தேதி செர்பியாவின் ஜோகோவிச்சை நேர் செட்டுகளில் வென்று விம்பிள்டன் பட்டத்தையும் பிடித்தார். 1936-ல் பிரெட் பெர்ரி ஜெயித்த பிறகு, 77 ஆண்டுகளுக்கு அப்புறம் ஒரு பிரிட்டிஷ் ஆண் வீரர் பெற்ற வெற்றி அது. (பெண்களில் வர்ஜீனியா வேட் 1977-லேயே ஜெயித்தார். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்!) அந்தப் பெர்ரியே பிற்காலத்தில் அமெரிக்கப் பிரஜை ஆகிவிட்டவர். அவருக்கு விம்பிள்டனில் சிலை வைத்திருக்கிறார்கள்.

முர்ரே ஜெயித்த அன்று பிரதம மந்திரி காமரூனும் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஸ்காட்லாந்து முதல் மந்திரி அலெக்ஸ் சால்மண்டு, மனைவியின் கைப்பையில் மறைத்துக் கொண்டுவந்த ஸ்காட்லாந்துக் கொடியை விரித்து ஆட்டினார்! தனி நாடு கேட்ட கட்சியின் தலைவர் அவர். அது தமக்குப் பிடிக்கவில்லை என்று முர்ரே பிற்பாடு சொன்னார். விம்பிள்டனில் ஒவ்வொருவரும் தமக்காகத்தான் ஆடுகிறார்கள். கொடி பார்க்கிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஓட்டுக்கு முன் ஒரு வரி

ஸ்காட்லாந்து பிரிந்து போகலாமா என்று 2014 செப்டம்பர் 18-ந் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. முர்ரே குடியிருந்தது இங்கிலாந்தில். அதனால் அவருக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் அன்று காலை, பிரிவினைப் பக்கம் சாய்ந்து ட்விட்டரில் எழுதினார்.

முடிவு? பிரிய வேண்டாம் என்றவர்கள் 55 சதவீதம். முர்ரேக்கு வசைமாரி.

அவர் வளர்ந்த ஊர் டன்பிளேன். 1996-ல் அங்கே பள்ளிக்கூடத்தில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றான். முர்ரே அப்போது 8 வயது மாணவர். அதே பள்ளியில் இருந்தார். அந்தத் துயரத்தையே இழுத்து அவரை ஏசினார்கள் சிலர். விளையாட்டு ரசிகனின் கோபம் என்று இதற்குப் பெயர் சொல்லக் கூடாது.

எழுதிய விதம் சரியில்லை, ஆனால் கருத்துச் சொன்னதற்கு வருந்தவில்லை என்றார் முர்ரே.

தேசத் துரோகி என்று ஏசப்பட்டவர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா?

14 மாதம் கழித்து, 2015 நவம்பரில், பிரிட்டன் டேவிஸ் கோப்பையை வென்றது. 79 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த கோப்பை! அந்த ஆண்டு பிரிட்டன் ஜெயித்த 12 ஆட்டங்களில் 11-ல் மட்டையோடு நின்றவர் முர்ரே. 8 தனியாக, 3 ஜோடியாக. ஜோடி ஆட்டங்களில் கூட ஆடியவர் அண்ணன் ஜேமி. அதே ஆண்டு கல்யாணமும் ஆயிற்று. மணமகள் இங்கிலாந்துப் பெண்!

மறு ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவரும் அவரே.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில், பிரிட்டன் சட்டையோடு கடைசி ஆட்டம் ஆடி ஓய்வு பெற்றார். அதே நவம்பரில் அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டார் ஒருவர். 2025 மே வரை வைத்திருந்தார். விம்பிள்டனில் முர்ரேயிடம் தோற்ற அதே ஜோகோவிச்தான்!