தேர்ச்சி சதவீதத்தில் வராதவர்கள்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்



‘நல்ல பள்ளிக்கூடம் எது?’ என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ‘நூத்துக்கு நூறு ரிசல்ட் குடுக்குற பள்ளிக்கூடம்’ என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்த நூறு வருவதற்காக என்னையே வெளியே அனுப்பப் பார்க்கும் வரை!

அப்பா லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அம்மா களையெடுக்கப் போகும். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான்தான். அதுவும் மயிரிழையில் தப்பித்து எழுதியது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூட்டிய பள்ளி, ஒன்பதாம் வகுப்புக்குப் போன எங்களுக்கு 2021 செப்டம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது, உண்மை. எங்கள் வீட்டில் டி.வி.யும் இருந்தது. அதன் முன்னால் உட்கார நான்தான் இல்லை. அப்பாவோடு லோடுக்குப் போய்க்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றுவிட்டது.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியர் கிடையாது. மூத்த ஆசிரியர் ஒருவர் ‘பொறுப்பு’ பார்த்தார். தன் வகுப்பையும் எடுக்கணும், ஆபீஸ் பேப்பரையும் பார்க்கணும். பாவம், வராந்தாப் பக்கம் வரவே அவருக்கு நேரமில்லை. எந்த வகுப்பில் பாடம் நடக்கிறது, எதில் நடக்கவில்லை என்று கேட்க ஆளில்லை. எங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் தேறுகிறவர்கள். இன்னொரு பக்கம் ‘மெல்லக் கற்போர்’. நான் இரண்டாவது பக்கம்.

ஒன்பதாவது முடியும்போது கணக்கு சார் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஏம்மா, இவனுக்குக் கணக்கு ஏறல. பத்தாவதுல தேறமாட்டான். டீசி வாங்கிட்டுப் போய் ஐ.டி.ஐ.ல சேத்து விடுங்க.”

“சரிங்க சார்” என்றது அம்மா. வேறென்ன சொல்லும்? வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. ஐ.டி.ஐ. ஒன்றும் குறைந்த படிப்பு இல்லை. ஆனால் அவர் என் வருங்காலத்தை நினைத்துச் சொல்லவில்லை, பள்ளியின் சதவீதத்தை நினைத்துத்தான் சொன்னார். டீசி கேட்டு விண்ணப்பம் வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நானே எழுதினேன். அம்மா கைநாட்டு வைத்தது.

2022 ஜூனில் பள்ளி திறந்தபோது புதிய தலைமையாசிரியை வந்திருந்தார். பெரிய டீச்சர் என்போம். என் விண்ணப்பம் அவர் மேஜைக்குப் போனது. கூப்பிட்டார்.

“யாருடா இத எழுதுனது?”

“நாந்தான் டீச்சர்.”

“ஒரு எழுத்துப்பிழை இல்ல. உன்னையா தேறமாட்டேன்னாங்க? போ, வகுப்புல போய் உக்காரு.”

அவ்வளவுதான். அந்த விண்ணப்பம் என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது.

பெரிய டீச்சர் கணக்கு சாரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். (ஆசையாகவும் இருந்தது!) அவர் திட்டவில்லை. ஒரு வாரம் கடைசி பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து சாருடைய பாடத்தைக் கவனித்தார். அப்புறம் சார் தலையில் இருந்த ஆன்லைன் பதிவு வேலை, நலத்திட்டக் கணக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். “ரிசல்ட்டுக்கு மேல நான் பதில் சொல்லிக்கிறேன் சார். நீங்க பிள்ளைங்கள விடாதீங்க” என்று அவர் சொன்னதாகக் கேள்வி. அதே சார், அதே சாக்பீஸ். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் எங்களுக்கு வாய்ப்பாட்டிலிருந்து ஆரம்பித்தார். சில நாள் தன் காசில் பொரிகடலை வாங்கித் தந்தார். அவர் மோசமான ஆசிரியர் இல்லை, பயந்த ஆசிரியர். அந்தப் பயத்தை ஒருவர் தன் தோளில் வாங்கிக்கொண்டதும் அவருக்குள் இருந்த ஆசிரியர் வெளியே வந்தார்.

2023 ஏப்ரலில் பரீட்சை. கணக்கில் எனக்கு 47. இரண்டு பேர் பெயில். நூறு சதவீதம் போச்சு! தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் பெரிய டீச்சர் எழுந்து நின்று பதில் சொன்னாராம். பெயிலான இருவரில் ஒருவன் துணைத் தேர்வில் தேறினான். இன்னொருவன் எழுதவே வரவில்லை. என் பக்கத்து பெஞ்சுக்காரனோ, பெரிய டீச்சர் வருவதற்கு முன்பே டீசி வாங்கியவன். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் எந்தக் கணக்கிலும் பெயில் இல்லை. எழுதினால்தானே பெயில்?

நண்பர்களே, நம் பட்டறையில் லேத்தில் ஒரு ஜாப் வீணானால் அது ஸ்கிராப் கணக்கில் ஏறும். வீணானதை மேஜைக்கடியில் ஒளித்துவிட்டு ‘என் வேலை சுத்தம்’ என்றால் நம் இன்ஸ்ட்ரக்டர் விடுவாரா? பள்ளிக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு? மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை 2017-லேயே அரசு நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் நூறு சதவீதப் பள்ளிகள் எத்தனை என்பது இன்றும் செய்தியாக வருகிறது. அதோடு இன்னொரு எண்ணையும் போடுங்கள் என்கிறேன்: ஒன்பதில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர்? ஆசிரியரின் திறமையை அதில் பாருங்கள்.

1956-ல் காமராசர் மதிய உணவு தந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலை உணவும் வந்தது. கோட்டையிலிருந்து சோறு வரும், புத்தகம் வரும். ‘போ, வகுப்புல உக்காரு’ என்ற வார்த்தை கோட்டையிலிருந்து வராது. அதைச் சொல்ல அந்த அறையில் ஒரு தலைமையாசிரியர் இருக்க வேண்டும். ‘பொறுப்பு’ என்ற பெயரில் அந்த நாற்காலியை மாதக்கணக்கில் காலியாக விடுவதைப் போல ஒரு பள்ளிக்குக் கெடுதல் வேறில்லை. ஆசிரியர்களுக்குத் தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை இருக்கிறது; கல்வி உரிமைச் சட்டமே அதை அனுமதிக்கிறது. மற்ற எழுத்து வேலைக்கு ஒரு எழுத்தர் போதாதா? ‘உனக்கேன்டா வம்பு’ என்கிறான் ரூம்மேட். வம்புதான். என் தங்கை அதே பள்ளியில் எட்டாவது படிக்கிறது.

பெரிய டீச்சர் மாறுதலில் போய்விட்டார். இப்போது மறுபடியும் ‘பொறுப்பு’. அடுத்த வருடம் தங்கை ஒன்பதாவது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 2009 சட்டம் சொல்கிறது. அம்மா இப்போது அதில் உறுப்பினர். கூட்டத்துக்குப் போனால் டீ குடித்துவிட்டுக் கைநாட்டு வைத்துவிட்டு வரும். போன மாதம் ஊருக்குப் போனபோது, தலைமையாசிரியர் எப்போது வருவார், போன வருடம் ஒன்பதாவதில் எத்தனை பேர் டீசி வாங்கினார்கள் என்று இரண்டு கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

“இத வச்சு நான் என்னடா பண்ணுவேன்? வாயால சொல்லு, மனசுல வச்சுக்கறேன்” என்றது அம்மா.

மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை அம்மா எனக்குத் திருப்பிச் சொன்னது.