இரண்டு வரி நிரலின் விலை
ஹாஸ்கெல் நிரல்மொழியில், எண்களை வரிசைப்படுத்தும் குவிக்சார்ட் முறையை இரண்டு மூன்று வரியில் எழுதிவிடலாம்: முதல் எண்ணை எடுத்து, அதைவிடச் சிறியவற்றை ஒருபுறமும் மற்றவற்றை மறுபுறமும் பிரித்து, இரண்டையும் அதே வழியில் வரிசைப்படுத்தி ஒட்டவேண்டியதுதான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டோனி ஹோர் 1961இல் வெளியிட்ட அசல் குவிக்சார்ட் முறையின் உயிர், எண்களை இருந்த இடத்திலேயே மாற்றிவைத்துப் பிரிப்பதில் இருக்கிறது. குட்டி நிரலோ ஒவ்வொரு கட்டத்திலும் பட்டியலை இருமுறை சலித்துப் புதுப் பட்டியல்களை உண்டாக்குகிறது. நினைவகம் மலிந்த காலத்தில் இதென்ன கஞ்சத்தனம் என்பார்கள். சரி, நேரம்? கலைந்து கிடக்கும் 1,000 எண்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 22,000 ஒப்பீடுகள் போதும். ஏற்கெனவே வரிசையில் இருந்தால் 9,99,000. இந்த ஆபத்து ஹோரின் முறைக்கும் உண்டு. அதனால்தான் அவர் பிரிக்கும் எண்ணைத் தற்போக்காகத் தேர்ந்தெடுத்தார். வகுப்பறைக்கு இந்தக் குட்டி நிரல் போதும். அதை ஹோருடையது என்று சொல்லிக்கொடுப்பதுதான் பிழை.