ஏட்டளவில் பாதுகாப்பு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

போபால் நச்சுவாயு விபத்தைப் பற்றி நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அந்த ஆலை எதற்காக நடந்து வந்தது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? யூனியன் கார்பைடு ஆலை உழவர்களுக்காகச் செவின் என்னும் பூச்சிமருந்தைத் தயாரித்து வந்தது. ஒரத்தநாட்டு வட்டாரத்தில் பிறந்து, குறுவைக்கும் சம்பாவுக்கும் கூலிக்கு மருந்தடிக்கும் தந்தையின் மகளாகிய எனக்கு அது அயலூர்ச் செய்தியாகத் தோன்றவில்லை.

அங்கே பாதுகாப்பே இல்லை என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. செவினுக்கு மூலப்பொருளான மீதைல் ஐசோசயனேட் 39 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடும். தண்ணீர் கலந்தால் சீறியெழும். அதைக் குளிர வைக்க ஒரு குளிர்பதன எந்திரம் இருந்தது. வாயு வெளியேறினால் காரக் கரைசலால் கழுவி நச்சை முறிக்க ஒரு கோபுரம் இருந்தது. எஞ்சியதை எரித்துவிட இன்னொரு கோபுரம், கடைசியாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள் என்று எல்லாம் இருந்தன.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு இவையெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தன? குளிர்பதன எந்திரம் ஜூன் மாதமே நிறுத்தப்பட்டுவிட்டது. கழுவும் கோபுரம் இயங்கும் நிலையில் இல்லை. எரிக்கும் கோபுரத்துக்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி துருப்பிடித்துக் கழற்றப்பட்டிருந்தது. பீய்ச்சிய தண்ணீரோ வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து அழுத்தம் ஏறியதை அளவுமானி காட்டத்தான் செய்தது. ஆனால் அங்கிருந்த மானிகள் அடிக்கடி தவறாகக் காட்டி வந்ததால் அன்று காட்டிய உண்மையையும் முதலில் எவரும் பொருட்படுத்தவில்லை. 'புலி வருது' கதைதான்! ஏறத்தாழ 40 டன் நச்சு உறங்கும் ஊரின் மேல் பரவியது. அரசுக் கணக்கின்படியே 5,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஒரே நாளில் யாரும் அந்தக் காவலைக் கலைத்துவிடவில்லை. ஆலை நட்டத்தில் ஓடியது, செலவைக் குறைத்தார்கள். அந்தப் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு 12 பேர் இருந்த இடத்தில் 6 பேர் என்றாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. தனித்தனியே கேட்டால் நியாயமாகக்கூடத் தோன்றும்! எனக்கு அச்சமூட்டுவது அதுதான். கருவியை வாங்கி வைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. காவல் கருவி நின்றால் ஆலையும் நிற்க வேண்டும் என்ற விதி வேண்டும். அதை எடுத்துச் சொல்பவனுக்கு வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும். எச்சரித்தவர்கள் இல்லாமலா போனார்கள்? ராஜ்குமார் கேஸ்வானி என்ற போபால் பத்திரிகையாளர் 1982ஆம் ஆண்டிலேயே எழுதினார். கேட்பார்தாம் இல்லை.

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. உயிருக்கு உடனடி ஆபத்து என்று கண்டால் அதை நிர்வாகத்துக்கு உணர்த்தும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று 1987ஆம் ஆண்டில் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல சட்டம். ஆனால் 2020ஆம் ஆண்டில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7 அன்று கொதிகலன் விபத்து. இரண்டு மாதம் கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் மீண்டும் விபத்து. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். நாளைக்கு வேலை உண்டா என்று அறியாதவன் இன்றைக்கு 'நிறுத்துங்கள்' என்று எப்படிச் சொல்வான்?

தோழியரே, இது நம்மைப் பற்றிய பேச்சும்தான். நம் குடும்பங்களில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் நாமும் நம் சகோதரர்களும் ஆலைகளில் ஒப்பந்த வேலைக்குத்தான் பெரும்பாலும் போகப்போகிறோம். இரவு ஷிப்டில் அளவுமானியைப் பார்த்து ஏட்டில் கையெழுத்திடுவது நாமாகத்தான் இருக்கும்.

ஆலைக்குள் இருப்பவர்க்கே இந்த நிலை என்றால் வெளியே இருப்பவர் கதி என்ன? நம் மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாய் கசிந்து தீயும் மூண்டது. இத்தகைய திட்டங்கள் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். வயலுக்கடியில் ஓடுவது என்ன, கசிந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது அந்த வயலில் நாற்று நடுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? என் தந்தை வாங்கிவரும் மருந்துப் புட்டியின் சிவப்பு முக்கோணம் கொடிய நஞ்சைக் குறிப்பது என்று கடையில் எவரும் சொன்னதில்லை. நான்தான் சொன்னேன்.

நாம் அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறையை அழுத்தம், வெப்பநிலை, வினையூக்கி என்று பிழையின்றி ஒப்பிக்கிறோம். அம்மோனியா கசிந்தால் காற்றுக்குக் குறுக்காக ஓட வேண்டும் என்பது எந்த வினாத்தாளிலும் வந்து நான் பார்த்ததில்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது நள்ளிரவில் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். பாடத்திட்டத்தைத் திருத்தும் பெரியோர் இதற்கு ஐந்து மதிப்பெண்ணாவது ஒதுக்கட்டும். படித்து எழுத நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.